மலை வீட்டுக்கு ஒரு ஆம்ப்: டாக் உள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. ஏசி என்ற பேச்சே இல்லை. இரவு ஒன்பது மணி தாண்டினால் நாயுடுபுரம் பக்கம் வண்டிச் சத்தமும் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டால், தம்புராவின் கார்வைக்கு நடுவில் பாடகர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்கும். ஆம்ப் தரமில்லை என்றால் அதன் உஸ்ஸென்ற இரைச்சலும் அதே தெளிவோடு கேட்கும். அதே ஆம்பை மதுரையில் அக்கா வீட்டில் வைத்துக் கேட்டிருக்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே தெரு. இரைச்சல் இருப்பதே தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: மலையில் ஆம்ப் வாங்குகிறவர் வாட்ஸுக்கு முன்னால் அமைதியை விசாரிக்க வேண்டும். கீழே சமவெளிக்காரர்களுக்கு எழுதப்படும் ஆலோசனைகளில் இது கடைசியில்தான் வரும், சில சமயம் வரவே வராது.

இரண்டு சொற்களைப் பழகிக்கொள்வோம். இன்டகிரேட்டட் ஆம்ப் என்றால், எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்து வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ-ஆம்பும், ஸ்பீக்கரை அசைக்கும் பவர்-ஆம்பும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. டாக் என்பது டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் பகுதி. சிடியில் ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள் பதிந்திருக்கும். அவற்றை ஸ்பீக்கருக்குப் புரியும் அலையாக மாற்றுவது டாக்கின் வேலை. டிவி, கம்ப்யூட்டர், சிடி பிளேயர், போன் எல்லாமே எண்களாக அனுப்பும் காலம் இது. டாக் ஆம்புக்குள்ளேயே இருந்தால் ஒரு பெட்டி, ஒரு பவர் கார்டு, சில ஒயர்கள் மிச்சம்.

படி 1: அறையையும் ஸ்பீக்கரையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஆம்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்பீக்கர் எது என்று தெரியாமல் ஆம்ப் வாங்குவது, சுமை தெரியாமல் வண்டி வாங்குவது மாதிரி. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஒலியின் குணத்தை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர், அதற்கடுத்து அறை. ஆம்பும் டாக்கும் அவற்றுக்குப் பிறகுதான்.

மலை வீட்டு அறைக்கென்று சில குணங்கள் உண்டு. கருங்கல் சுவரும் பெரிய கண்ணாடி ஜன்னலும் மேல்ஸ்தாயியைக் கூர்மையாகத் திருப்பி அடிக்கும். பழைய பங்களாக்களின் மரத் தரை கீழ்ஸ்தாயியில் தானும் சேர்ந்து அதிரும். தரையில் ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு கடப்பைக் கல் பலகை. இந்த மூன்றும் செய்யும் மாற்றத்தை இன்னும் விலை கூடிய ஆம்ப் வாங்கியும் அடைய முடியாது. தகரக் கூரை வீடாக இருந்து அடைமழை பெய்தால் எந்த ஆம்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

படி 2: வாட்ஸ் கணக்கை நீங்களே போடுங்கள்

கடையில் முதல் கேள்வியே "எத்தனை வாட்ஸ் வேணும்?" என்றுதான் வரும். பதிலை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண், ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபல் என்ற அலகில் இருக்கும். 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் 86 டெசிபல் ஒலி வரும் என்று பொருள். நீங்கள் உட்காரும் நாற்காலி 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டருக்கு ஏறத்தாழ 9.5 போகும். சுவர்கள் திருப்பித் தருவதும் இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதுமாக ஏறத்தாழ 6 திரும்பக் கிடைக்கும். ஆக, ஒரே ஒரு வாட்ஸில் உங்கள் காதுக்கு 82 டெசிபல் வந்துவிடுகிறது. வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் 75 டெசிபல் பக்கம்தான் வைத்திருப்பார்கள்.

சராசரி அதுதான், ஆனால் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒரு பலத்த அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே பாயும். அந்த 95 டெசிபலைத் தொட 82-க்கு மேல் இன்னும் 13 வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 13 டெசிபல் என்றால் 20 மடங்கு, அதாவது 20 வாட்ஸ்.

1978-இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப் தாளில் வெறும் 20 வாட்ஸ்தான். அதை இன்றும் பத்திரமாக வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

40 வாட்ஸ் ஆம்புக்கும் 80 வாட்ஸ் ஆம்புக்கும் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது "கொஞ்சம் கூட்டினாற்போல" இருக்கும், இரண்டு மடங்கு சத்தமாக இருக்காது. சாதாரண ஹாலுக்கு, 85 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கருக்கு, நேர்மையான 40 முதல் 60 வாட்ஸ் தாராளம். உங்கள் ஸ்பீக்கர் 82 டெசிபலாக இருந்தாலோ, அறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தாலோ அதற்கு மேல் போங்கள்.

'நேர்மையான' என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். வாட்ஸைப் பல விதமாக எழுதலாம். ஒரு கண நேர உச்சத்தைச் சொல்லும் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். சரியான வரி இப்படி இருக்கும்: 8 ஓமில் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை), இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்கு எட்டும் ஸ்தாயி முழுவதும்), திரிபு (ஒலி சிதைவது) இத்தனை சதவீதத்துக்குள். '1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதத் திரிபில்' என்றிருந்தால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 4 ஓம் எண்ணையும் பாருங்கள். அங்கே வாட்ஸ் நன்றாக உயர்ந்தால், ஓட்டக் கடினமான ஸ்பீக்கரையும் தாங்கும் பவர் சப்ளை உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: அமைதியை அளக்கப் பழகுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. விவரத்தாளில் எஸ்என்ஆர் என்று ஒரு எண் உண்டு. இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள இடைவெளி அது. 100 டெசிபல் என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது ஆம்ப் முழு வேகத்தில் ஓடும்போது சொல்லும் கணக்கு. நாம் கேட்பதோ ஒரு வாட்ஸ், அரை வாட்ஸ்.

60 வாட்ஸ் ஆம்பின் முழு வேகம் ஒரு வாட்ஸைவிட 18 டெசிபல் மேலே. அப்படியானால் ஒரு வாட்ஸில் அந்த 100 என்பது 82 ஆகச் சுருங்குகிறது. 86 டெசிபல் ஸ்பீக்கரில் இரைச்சல் 4 டெசிபலில் நிற்கும், கேட்காது. அதே ஆம்பை 97 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கரில் மாட்டினால் 15 டெசிபல். நிசப்தமான அறையில் ஸ்பீக்கர் பக்கத்தில் போனால் கேட்கும். சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் எஸ்என்ஆர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அமைதியில் இன்னொரு பாதி உண்டு. அது வால்யூம் குமிழ். குழந்தைகள் தூங்கிய பிறகு மெல்ல வைத்துக் கேட்கும்போது குமிழுக்குள் இருக்கும் விலை குறைந்த பொட்டென்ஷியோமீட்டர் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடாது. பாடகர் நடுவில் இருந்து ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். சில ஆம்புகளில் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, மிகை. குமிழைக் கால்வாசி திருப்பினாலே அறை நிறைந்துவிடும், மெல்லக் கேட்க இடமே இருக்காது. படிப்படியாக நகரும் எலக்ட்ரானிக் வால்யூம் உள்ள ஆம்புகளில் இந்தத் தொல்லை குறைவு.

மெல்லக் கேட்கும்போது மனிதக் காதுக்குக் கீழ்ஸ்தாயி சரியாக எட்டாது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே பேஸ், ட்ரெபிள் குமிழ்களோ, மெல்லக் கேட்கும்போது கீழ்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் வசதியோ இருக்கும் ஆம்பைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 'சுத்தமான ஒலி' என்று சொல்லி அவற்றை நீக்கிய ஆம்புகள் பல உண்டு. இரவு நேரக் கேட்பவருக்கு அவை பொருந்தாது என்பது என் அனுபவம்.

படி 4: டாக்கைப் பற்றி அளவோடு கவலைப்படுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது டாக் சிப்பின் பெயர். இஎஸ்எஸ், ஏகேஎம், பர்-பிரவுன், சிரஸ் லாஜிக். 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோகா நகரத்தில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல ஆம்ப் நிறுவனங்கள் வேறு நிறுவனச் சிப்புக்கு மாறின.  சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும் அனலாக் சர்க்யூட்டும்தான் ஒலியை நிர்ணயிக்கின்றன. சிப்பின் பெயரைப் பார்த்து ஆம்ப் வாங்காதீர்கள்.

எண்களிலும் அப்படித்தான். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியையும் கொடுக்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வயதாக ஆக அதற்கும் கீழே. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை வாங்கும் டாக் இருந்தால் எல்லாக் கோப்பும் ஓடும், அது போதும். 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி 512 (இன்னொரு வகை டிஜிட்டல் பதிவு) என்று அடுக்குவதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

டாக்கில் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் கருவிகளை அது எந்த வழியில் உள்ளே விடுகிறது?

ஆப்டிகல்: கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ ஒளியாக வருவது. டிவிக்கு இதுதான் என் முதல் தேர்வு. மின் தொடர்பே இல்லாததால், டிவியோடு வரும் கேபிள் கனெக்‌ஷன் எர்த்திலிருந்து 'ம்ம்ம்' என்ற முனகல் ஆம்புக்குள் ஏறாது. பலர் வருடக்கணக்கில் சகித்துக்கொண்டிருக்கும் முனகல், சாதாரண ஆப்டிகல் ஒயர் ஒன்றில் தீர்ந்துவிடும். டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். டால்பி வடிவத்தில் அனுப்பினால் பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்புகள் ஊமையாக நிற்கும்.

எச்டிஎம்ஐ ஆர்க்: டிவியின் ஒலி எச்டிஎம்ஐ ஒயரிலேயே ஆம்புக்கு வருவது. டிவி ரிமோட்டிலேயே ஆம்பின் வால்யூமைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோஆக்சியல்: உலோக ஒயரில் மின்சாரமாக வருவது, சிடி பிளேயருக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

யுஎஸ்பி: இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆம்பின் முன்பக்கம் யுஎஸ்பி துளை இருந்ததைப் பார்த்து, லேப்டாப்பை மாட்டலாம் என்று நினைத்து வாங்கி வந்தேன். அது பென் டிரைவுக்கு மட்டுமான துளை. கம்ப்யூட்டரை மாட்ட வேண்டுமென்றால் பின்பக்கத்தில் சதுரமான, பிரின்டரில் இருப்பது போன்ற 'பி' வகைத் துளையோ, கம்ப்யூட்டருக்கென்றே குறிப்பிட்ட 'சி' வகைத் துளையோ இருக்க வேண்டும். துளை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அதில் என்ன மாட்டலாம் என்று கேளுங்கள்.

ப்ளூடூத்: வசதிக்கு மட்டும். சிடியின் தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்துக்காக ஒலியைச் சுருக்கும் முறைகளில், எல்டிஏசி முறையில் அதிகபட்சம் 990, சாதாரண எஸ்பிசி முறையில் 328 வரை. விருந்தினர் போனிலிருந்து பாட்டுப் போட இது போதும்.

கடைசியாக ஒன்று. ஆம்பின் அனலாக் பகுதி முப்பது வருடம் உழைக்கும், டிஜிட்டல் பகுதி சீக்கிரம் பழசாகிவிடும். எனவே மின் அலையாகவே ஒலியை வாங்கும் ஆர்சிஏ அனலாக் உள்ளீடுகள் (சிவப்பு, வெள்ளைத் துளைகள்) குறைந்தது இரண்டாவது உள்ள ஆம்பாகப் பாருங்கள். பத்து வருடம் கழித்து வெளியே ஒரு புது டாக்கை மாட்டிக்கொண்டு அதே ஆம்பில் தொடரலாம். இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் இசைத்தட்டு ஊசியின் மெல்லிய ஒலியை வாங்கும் எம்எம் ஃபோனோ உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5-ஐ நாள் முழுக்கக் கேட்பவர்களுக்கு ட்யூனரும் சேர்ந்த ஸ்டீரியோ ரிசீவரே சரி.

படி 5: ஏபி வகையா, டி வகையா?

பவர்-ஆம்ப் வேலை செய்யும் முறையில் இப்போது அதிகம் காண்பவை ஏபி, டி என்ற இரண்டு வகைகள். ஏபி வகை கனமானது, சூடாகும். டி வகை சின்னது, சூடு குறைவு, கரண்ட் மிச்சம். நன்றாகச் செய்த டி வகையும் நன்றாகச் செய்த ஏபி வகையும் ஒலியில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டியிருந்தால் டி. ரிப்பேர் செய்து நெடுநாள் வைத்திருக்க ஏபி, ஏனென்றால் அதன் பாகங்களை ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.

படி 6: மலைக்கென்று பார்க்க வேண்டியவை

கரண்ட்: ஒரே மாலையில் வோல்டேஜ் தாழ்ந்து ஏறும் இடங்களில் ஸ்டெபிலைசர் கட்டாயம், அதை ஆம்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வரும் ஆம்பாக இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட், ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம்முடைய 230-இல் மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும்.

இடி: சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள். ஆன்டெனா ஒயரையும் நெட்வொர்க் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், இடி அந்த வழியாகவும் வரும்.

ஈரம்: மழைக்காலத்தில் மேகமே வீட்டுக்குள் வந்து போகும் ஊர் இது. ஆர்சிஏ முனைகள் பச்சை பூக்கும், குமிழ் கரகரக்கும், ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்ற சுவிட்ச் பழுதாகி ஒரு பக்க ஒலி நின்றுவிடும். இதற்கு நல்ல மருந்து தினமும் ஒரு மணி நேரம் ஆம்பை ஓடவிடுவது. அதன் சூடே ஈரத்தை விரட்டும். பூட்டிய வீட்டில் மூன்று மாதம் கிடந்த ஆம்புதான் முதலில் கெடும். ஊருக்குப் போவதாக இருந்தால் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

சூடு: கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். குளிர் ஊர்தானே என்று ஆம்பை மூடிய அலமாரிக்குள் திணிக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். கதகதப்பைத் தேடி பூச்சியும் பல்லியும் காற்றுத் துளை வழியாக உள்ளே போகும், அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 7: கடையில் எதைப் பார்ப்பது

சில மாடல்களை வைத்துச் சொன்னால் எளிது. யமஹா ஏ-எஸ்301 60 வாட்ஸ். ஆப்டிகல், கோஆக்சியல், எம்எம் ஃபோனோ, வேண்டிய அளவுக்குத் திருப்பி வைக்கும் லவுட்னஸ் குமிழ் எல்லாம் உண்டு, கம்ப்யூட்டர் யுஎஸ்பி இல்லை. டெனான் பிஎம்ஏ-600என்இ 8 ஓமில் 45 வாட்ஸ், 4 ஓமில் 70, ப்ளூடூத் உண்டு. மராண்ட்ஸ் பிஎம்6007 அதுவும் 45 வாட்ஸ், டாக் உண்டு, ப்ளூடூத் இல்லை. வீம் ஆம்ப் டி வகை, வைஃபையும் எச்டிஎம்ஐ ஆர்க்கும் உண்டு, ஃபோனோ இல்லை. கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏஎக்ஸ்ஏ35 பார்க்க இவற்றின் கூட்டாளி மாதிரியே இருக்கும், ஆனால் அதில் டாக்கே கிடையாது. இரவுக் கேட்பவருக்கும் இசைத்தட்டுக்காரருக்கும் இந்த வரிசையில் யமஹாவைச் சொல்வேன். டிவியை மையமாக வைத்த வீட்டுக்கு வீம்.

கேட்டுப் பார்க்க மதுரைக்கோ கோவைக்கோதான் இறங்க வேண்டும். கடைக்காரரிடம் ஏசியையும் மின்விசிறியையும் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்து, ட்வீட்டருக்கு (பெட்டியில் மேல்ஸ்தாயி ஒலிக்கும் சின்ன வட்டம்) பக்கத்தில் காதை வையுங்கள். ஒரு சாண் தூரத்தில் இரைச்சல் கேட்கக்கூடாது. பிறகு நீங்கள் நன்றாக அறிந்த பதிவுகளையே போடுங்கள்: தம்புரா தேய்ந்து மறையும் இடம், மிருதங்கத்தின் தொப்பி, நாகஸ்வரம் உச்சத்தில் நிற்கும் இடம். நாகஸ்வரம் காதைக் குத்தினால் ஆம்பையும் ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றிப் போட்டு, குற்றம் யாருடையது என்று பாருங்கள். இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூட இருப்பதே 'நல்ல ஆம்ப்' போலத் தோன்றும்.

பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்ற விவரம் மூன்றையும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த முதல் இரவு

கீழே வெயிலில் ஏற்றிய பெட்டி மேலே வந்ததும் உடனே மாட்ட வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்ட சமவெளிக் காற்று குளிர்ந்து நீராக வியர்க்கும். உறையைப் பிரித்து நாலைந்து மணி நேரம் வையுங்கள். பிறகு ஸ்பீக்கர் ஒயரின் சிவப்பு, கறுப்பைச் சரிபார்த்து, ஒயரின் இழை எதுவும் பக்கத்து முனையைத் தொடவில்லை என்று பார்த்த பின்தான் பிளக்கை மாட்டவும்.

ஊர் அடங்கிய பிறகு ஃப்ரிட்ஜை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் ஆம்பை மட்டும் ஓடவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். ஒவ்வொரு உள்ளீடாக மாற்றிக் கேளுங்கள். ஒரு உள்ளீட்டில் மட்டும் முனகல் என்றால் அந்தக் கருவியின் எர்த்தில் குறை. எல்லாவற்றிலும் என்றால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் இரைந்தால் ஆம்பில்தான் கோளாறு, மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். வத்தலக்குண்டு வரை வளைவுக்கு வளைவு குலுங்கிப் போகும் அந்தப் பயணத்துக்கு அட்டைப் பெட்டியும் உள்ளே இருந்த தெர்மோகோலும் தேவைப்படும். அதுவரை இரண்டையும் பரணில் பத்திரமாக வையுங்கள்.